சோதனைக் குழாய்க் குழந்தை

மாதனூரிலிருந்து வேலூர் செல்லும் பேருந்தில் ஒரு மூதாட்டி என்னைக் கேட்டார்: “ஏன் ஐயா, குழந்தையைக் குழாயிலேயே வளர்த்துத் தருகிறார்களாமே?” அருகே மருமகள் தலைகுனிந்திருந்தாள். மகன் வரவில்லை.

பெயரில்தான் குழாய் இருக்கிறது. குழந்தை வளர்வது தாயின் கருப்பையிலேதான். பெண்ணின் சினைமுட்டையை ஊசியால் வெளியே எடுத்து, ஒரு சிறு தட்டில் ஆணின் விந்தணுக்களோடு சேர்க்கிறார்கள். உருவான கருவைச் சில நாட்கள் பேணிக் கருப்பைக்குள் வைத்துவிடுகிறார்கள். கருக்குழாய் அடைபட்ட பெண்களுக்காகவே முதலில் இவ்வழி காணப்பட்டது. 1978 ஜூலையில் இங்கிலாந்திலே முதற் குழந்தை பிறந்தது. எழுபதே நாட்களில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் மற்றொன்று பிறந்தது. அவரைத்தான் அன்று எவரும் எளிதில் நம்பவில்லை! சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-இல் இதனைச் சாதித்தார்.

செலவு மிகுதி, ஒவ்வொரு முறையும் பலிக்கும் என்பதுமில்லை. ஆனால் நேயர்களே, குறை ஆணிடமும் இருக்கக்கூடும். விந்தணு மிகக் குறைந்தவருக்கு ஒரே அணுவை முட்டைக்குள் செலுத்தும் முறையால் 1992 முதல் குழந்தைகள் பிறந்துவருகின்றன. அக்குறையை அறியும் விந்துப் பரிசோதனையோ மிக எளியது. பெண்ணுக்கு ஊசியும் மருந்தும் தொடங்குமுன்னரே அதைச் செய்துவிட வேண்டும்.

“மகனும் வந்திருக்க வேண்டுமே, அம்மா” என்றேன்.

“அவனுக்கென்ன குறை?” என்றார் மூதாட்டி.

மருமகள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.