வாட்ச் ஒண்ணும் சொல்லலைன்னா, நமக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா?



கையில் கட்டும் வாட்ச் எப்படி இதயத் துடிப்பை அளக்கிறது என்று போன எபிசோடில் பேசினோம். அதற்கு வந்த குரல் பதிவுகளில் ஒன்று, லண்டனில் இரவு டாக்ஸி ஓட்டும் ஒரு நேயருடையது. அவர் கேட்டது இதுதான்: "நான் குறட்டை விடும்போது நடுவுல மூச்சே நின்னுடுதுன்னு மனைவி சொல்றாங்க. ஆனா மூணு மாசமா ஆப்பிள் வாட்ச் கட்டிட்டுத்தான் தூங்குறேன். அது ஒண்ணுமே சொல்லலை. அப்போ டாக்டர்கிட்ட போக வேண்டாம்தானே?"

சுருக்கமான பதில்: போங்க. இந்த வாரமே போங்க. நான் டாக்டர் இல்லை, பகலில் மெஷின் லேர்னிங் வேலை பார்ப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கான விடையில் பாதி மெஷின் லேர்னிங்கில்தான் இருக்கிறது. அதனால் நீளமான பதிலையும் எழுதுகிறேன்.

மூச்சு நிற்பது என்றால் என்ன?

நம் வீடுகளில் குறட்டை என்றாலே கேலிதான். "அசந்து தூங்குறார், விடு" என்போம். ஆனால் ஸ்லீப் அப்னியா இருப்பவர் அசந்து தூங்குவதில்லை. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை சில நொடிகள் விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. ஒரு பெரிய மூச்சு, அப்புறம் மறுபடியும் அதே கதை. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

10 நொடிக்கு மேல் மூச்சு நின்றால் அது ஒரு நிகழ்வு. மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் சேர்த்து, மணிக்கு எத்தனை முறை என்று எண்ணினால் கிடைப்பது ஏ.எச்.ஐ. என்ற எண். 5-க்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30-க்கு மேல் கடுமையானது. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. ராத்திரி முழுக்க.

2019-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த கணக்குப்படி, உலகில் 30 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 93.6 கோடிப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. மிதமான நிலையோ அதற்கு மேலோ உள்ளவர்கள் 42.5 கோடி. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. வாட்ச் கம்பெனிகள் உள்ளே வந்தது இதனால்தான்.

வாட்ச் எதைப் பார்க்கிறது?

தூக்க ஆய்வகத்தில் தலையில் மூளை அலைக்கு ஒயர், மூக்கில் காற்றோட்டத்துக்குக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப் எல்லாம் மாட்டுவார்கள். வாட்ச்சில் காற்றோட்டத்தை நேரடியாக அளக்க எதுவும் இல்லை. அது பக்க விளைவுகளைப் பார்த்து ஊகிக்கிறது.

சாம்சங்கின் வழி, ரத்த ஆக்சிஜன் எப்படி இறங்கி ஏறுகிறது என்று பார்ப்பது. 10 நாட்களுக்குள் இரண்டு இரவுகள், ஒவ்வொன்றிலும் 4 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பதிவாக வேண்டும். இதற்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அனுமதி வாங்கிய ஆப்பிளின் வழி வேறு. மூச்சு தடைபடும்போது மணிக்கட்டில் வரும் நுண்ணிய அசைவுகளை அக்செலரோமீட்டர் பிடிக்கிறது. 30 நாட்களில் குறைந்தது 10 இரவுகள் கிடைத்தால்தான் முடிவு. தொடர்ந்து தொந்தரவு தெரிந்தால் மட்டுமே அலர்ட்.

இந்த அசைவு அப்னியா, இது சும்மா புரண்டு படுத்தது என்று மாடலுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? மனிதர்கள்தான். இந்தத் துறையில் பலரும் கைப்பழகிய டேட்டா, 2000-இல் பிசியோநெட் வெளியிட்ட 70 இரவுகளின் இ.சி.ஜி. பதிவுகள். அவற்றில் நிமிடத்துக்கு நிமிடம் 'அப்னியா உண்டு, இல்லை' என்று நிபுணர்கள் குறித்து வைத்தார்கள். அதில் 35 பதிவுகளை வைத்துக் கற்று, மீதி 35-இல் உங்கள் திறமையைக் காட்டுங்கள் என்று போட்டியே வைத்தார்கள். இன்றைய வாட்ச்களும் அதே பாதைதான். கையில் வாட்ச், உடம்பில் மருத்துவப் பரிசோதனைக் கருவி, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, இரண்டாவது சொல்வதை முதலாவதுக்கு விடையாகக் கொடுக்கிறார்கள்.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஆப்பிள் தன் சோதனை முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. மிதமான அல்லது கடுமையான அப்னியா இருப்பவர்களில் 66.3% பேரைப் பிடிக்கிறது. அது இல்லாதவர்களில் 98.5% பேரைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஊர்ச்சங்க விழாவுக்கு 1,000 பேர் வருகிறார்கள். அவர்களில் 150 பேருக்கு மிதமான நிலையோ அதற்கு மேலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லார் கையிலும் இந்த வாட்ச். 150-இல் சுமார் 99 பேருக்கு அலர்ட் வரும், 51 பேருக்கு வராது. மீதி 850 பேரில் சுமார் 13 பேருக்குத் தவறாக அலர்ட் வரும்.

அலர்ட் வந்த 112 பேரில் 99 பேருக்கு உண்மையிலேயே பிரச்சனை இருக்கிறது. அதனால் அலர்ட் வந்தால் நம்புங்க. அலர்ட் வராதவர்கள் கூட்டத்தில் 51 பேர் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சிரித்துக்கொண்டு பிரியாணி வரிசையில் நிற்கிறார்கள். அதனால் வாட்ச் சும்மா இருப்பதை மட்டும் நம்பாதீங்க.

இதை மாடலின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எந்த வகைப்படுத்தும் மாடலுக்கும் ஒரு வரம்பு வைக்க வேண்டும். வரம்பைக் கீழே இறக்கினால் அதிகம் பேரைப் பிடிக்கலாம், கூடவே ஒன்றுமில்லாத லட்சக்கணக்கானவர்களும் கிளினிக் வாசலில் நிற்பார்கள். கோடிக்கணக்கான கைகளில் இருக்கும் கருவிக்கு வரம்பை மேலே வைப்பது நியாயமான முடிவுதான். நாம் அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

நம் நேயர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வாட்ச் மூன்று மாதம் சும்மா இருந்தது என்றால், இந்த வசதி ஆன் ஆகாமலே இருந்திருக்கலாம். சீரிஸ் 9, அல்ட்ரா 2 முதல்தான் இது வேலை செய்யும். ஹெல்த் செயலியில் நாமாகவே செட் பண்ணவும் வேண்டும்.

நம் ஆட்களுக்கு ரெண்டு விஷயம்

ஒன்று, தோல் நிறம். 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மருத்துவமனை விரல் கிளிப்பே கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று காட்டியது. அப்னியாவுக்கு ஒற்றை எண்ணைவிட ஏறி இறங்கும் வடிவம்தான் முக்கியம், அதனால் பாதிப்பு அப்படியே பொருந்தாது. இருந்தாலும், எந்தக் கம்பெனி இப்படி ஒரு கருவியை விற்றாலும், எங்கள் நிறத்தில் எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்று கேட்பது நம் உரிமை.

இரண்டு, உடல் எடை. ஸ்டாப்-பேங் என்ற பிரபலமான எட்டுக் கேள்விப் பட்டியலில் பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினால்தான் ஒரு புள்ளி. ஆனால் ஆசியர்களுக்கு 23-இலிருந்தே கவனம் வேண்டும், 27.5 என்றால் ஆபத்து அதிகம் என்று 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லிவிட்டது. "நான் ஒண்ணும் அவ்வளவு குண்டு இல்லையே" என்பது நமக்குப் பாதுகாப்பு இல்லை. பெண்களுக்குக் குறட்டையே பெரிதாக இல்லாமல், தீராத அசதி, தூக்கமின்மை, காலைத் தலைவலி என்றும் வரலாம்.

சரி, என்ன பண்ணலாம்?

பிரிட்டனில் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் எளிமையானது. குறட்டை, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, தூங்கியும் களைப்பு, காலைத் தலைவலி, பகல் தூக்கம், இரவில் அடிக்கடி சிறுநீர், மூச்சு முட்டி எழுவது போன்றவற்றில் இரண்டு இருந்தாலே பரிசோதனையை யோசிக்க வேண்டும். ஜி.பி.யிடம் போகும்போது, பக்கத்தில் படுப்பவர் போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவைக் கொண்டு போங்க. அந்த வீடியோ பல வாட்ச்களைவிட நல்ல சென்சார். வண்டி ஓட்டுவதுதான் தொழில் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்க, அவர்களைச் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். பெரும்பாலும் வீட்டிலேயே ஒரு இரவு கருவியை மாட்டிப் பார்ப்பார்கள்.

லைசன்ஸ் போயிடுமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது, எனக்குத் தெரியும். விதி இதுதான்: மிதமான அல்லது கடுமையான அப்னியா உறுதியாகி, கூடவே அளவு மீறிய பகல் தூக்கமும் இருந்தால் டி.வி.எல்.ஏ.வுக்குச் சொல்ல வேண்டும், அறிகுறிகள் கட்டுப்படும் வரை ஓட்டக் கூடாது. கட்டுப்பட்டதும் ஓட்டலாம். சொல்லாமல் மறைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். மோட்டார்வேயில் கண் அசந்தால் ஆகும் செலவுக்கு அபராதம் என்று ஒரு தொகை இல்லை.

கட்டுப்படுத்த வழியும் இருக்கிறது. 1981-இல் சிட்னியின் காலின் சல்லிவன் எழுதிக் காட்டிய சிபாப் முறைதான் இன்றும் முக்கியமான சிகிச்சை. மாஸ்க் வழியாக மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். என்.எச்.எஸ்.-இல் அந்தக் கருவி இலவசம். முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும், பழக வேண்டும்.

இந்தக் கடிதத்தை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்க. குறட்டையில் பேர் போன ஒரு மாமா எல்லாக் குழுவிலும் இருப்பார். அடுத்த எபிசோடில், தோலில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார்கள். கேள்விகளைக் குரல் பதிவாகவே அனுப்புங்க.

நல்லாத் தூங்குங்க!