உஷார்! முதுகெலும்பில் 'சிமென்ட்' வைப்பதோடு வேலை முடியவில்லை

என் பெரியம்மா குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார். முதுகில் 'படக்' என்றதாம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்தோம், ஆள் பிடித்து நீவிவிட்டோம். மூன்று வாரம் இப்படியே போயிற்று. படுத்திருந்தால் வலி இல்லை, எழுந்து உட்காரும்போது அலறுவார். முதுகெலும்பு நசுங்கியதற்கான அடையாளமே அதுதான். எங்களுக்குத்தான் புரியவில்லை. எக்ஸ்ரேயில் மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு, முன்பக்கம் அமுங்கி ஆப்பு மாதிரி தெரிந்தது. எலும்புப்புரை நோய் உள்ளவர்களுக்கு விழாமலேயே இப்படி நசுங்கும். தயவுசெய்து நீவாதீர்கள், மிதிக்க விடாதீர்கள்!

"நாளைக்கே சிமென்ட் வச்சிடலாம், மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள் மருத்துவமனையில். முதுகைக் கிழிக்காமல், ஊசி வழியாக எலும்புக்குள் சிமென்ட் செலுத்துவது வெர்டிப்ரோபிளாஸ்டி. முதலில் ஒரு பலூனை ஊதி இடம் உண்டாக்கிவிட்டு நிரப்பினால் கைஃபோபிளாஸ்டி. வெர்டிப்ரோபிளாஸ்டி 1984-ல் பிரான்சில் தொடங்கியது.

எல்லோருக்கும் இது தேவையா? 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு உண்மையிலேயே சிமென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, முதுகை அழுத்தி, சிமென்ட் கலக்கும் வாடையைக்கூட அறையில் பரவவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நிவாரணம்! முறிந்து ஆறு வாரத்துக்குள் இருந்த, வலி கடுமையானவர்களுக்குப் பலன் தெரிந்ததாக 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சொன்னது. 2018-ல் நெதர்லாந்து ஆய்வு அதையும் மறுத்தது. மருத்துவர்களிடையே வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

அதனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முறிவு புதிதா, பழையதா என்று எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பழைய முறிவில் சிமென்ட் நிரப்பிப் பயனில்லை. காசநோயும் புற்றுநோயும்கூட முதுகெலும்பை இப்படி நசுக்கும், அவை இல்லை என்று உறுதியாகட்டும். சிமென்ட் கசிந்து நரம்பை அழுத்தலாம், ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. பலருக்கு வலி மாத்திரை, சில நாள் ஓய்வு, மெல்ல மெல்ல நடை, இவற்றாலேயே வலி சில வாரங்களில் தணிகிறது. ஒன்று மட்டும் தாமதிக்கக் கூடாதது: கால் மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

பெரியம்மாவுக்கு சிமென்ட் வைத்தோம், வலி குறைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும்தான் இருந்தன. எலும்புக்கு என்று ஒன்றுமே இல்லை! ஏழாவது மாதம் அடுத்த எலும்பு நசுங்கியது. ஒரு முறை நசுங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் அடுத்தது நசுங்குகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சிமென்ட் அந்த ஓர் எலும்பைத்தான் தாங்கும், மற்றவை முன்பு போலவே பொலபொலவென்றுதான் இருக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, கால்சியம், எலும்பை வலுவாக்கும் மருந்து, எல்லாவற்றையும் அன்றே நாங்கள் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அவருக்கு எலும்பை வலுவாக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி. அதைத் தள்ளிப்போட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து, ஒரே சமயத்தில் பல எலும்புகள் நசுங்கலாம். அடுத்த ஊசித் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வாளியை இப்போது நான்தான் தூக்குகிறேன்.