அறுவைச் சிகிச்சைக்கு முன் குழந்தையின் அச்சம்

டிராம்பே, செம்பூர், தாராவி, மாதுங்கா ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அக்குடும்பத்துக் குழந்தை ஒன்று, பரேலில் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வாடியா குழந்தைகள் மருத்துவமனை போன்றதோர் இடத்திற்கு அறுவைச் சிகிச்சைக்காகச் செல்லும்பொழுது, அதன் செவியில் விழுவன பெரும்பாலும் மராத்தியும் இந்தியுமே. புரியாத மொழி, பசி, முகமூடி அணிந்த அந்நியர் ஆகிய யாவும் சேர்ந்து அச்சத்தைப் பெருக்குகின்றன.

இவ்வச்சம் வயதுக்கேற்ப வேறுபடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தாயைப் பிரிவதற்கு அஞ்சும். பள்ளிச் சிறுவன் ஊசிக்கும் வலிக்கும் அஞ்சுவான். பதின்வயதினர் மீண்டும் கண் விழிப்போமா என ஐயுறுவர். மிகுந்த கலக்கத்துடன் மயக்கத்தில் ஆழும் குழந்தைகளிடம், பின்னர்க் கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல், உணவில் வெறுப்பு முதலியன தோன்றுவதுண்டு.

இதனைத் தணிக்கும் வழிகள் எளியவை. முதலாவது, உண்மை கூறுதல். "ஊசியே இல்லை" என்று பொய் கூறினால், ஊசியைக் கண்டதும் குழந்தை எவரையும் நம்பாது. "சிறிது வலிக்கும், உடனே நின்றுவிடும்" என்பதே தக்க சொல். சிறு குழந்தைக்கு ஓரிரு நாள் முன்னும், பெரிய குழந்தைக்குச் சில நாள் முன்னும் தாய்மொழியிலேயே இதை விளக்குதல் வேண்டும். இரண்டாவது, விளையாட்டு. பொம்மைக்கு மூச்சு முகமூடி அணிவித்தும், பலூன் ஊதுவதுபோல் மூச்சு விடப் பழக்கியும் வந்தால் புதுமை நீங்கும். இவற்றாலும் கலக்கம் அடங்காவிடில், மிடசோலம் போன்ற அமைதி மருந்தை மயக்கவியல் மருத்துவர் முன்கூட்டியே அளிப்பார்.

இங்கு ஓர் எச்சரிக்கை. அழுகையைப் பொறாது இரகசியமாகப் பாலோ பிஸ்கோத்தோ கொடுத்தல் ஆகாது. மயக்கத்தில் வாந்தி எழுந்து நுரையீரலுட் புகுந்தால் உயிருக்கே கேடு. பொதுவாக உணவையும் மாட்டுப் பாலையும் 6 மணி நேரத்திற்கு முன்னும், தாய்ப்பாலை 4 மணி நேரத்திற்கு முன்னும், தெளிந்த நீரை 2 மணி நேரத்திற்கு முன்னும் நிறுத்துவர். எனினும் மருத்துவமனை கூறும் நேரமே இறுதியானது. தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் இம்முறை உதவும். டிராம்பேயில் உருவாக்கப்பெற்ற பாபாட்ரான் போன்ற கோபால்ட் கருவியின் முன் குழந்தை தனியே, அசையாது கிடக்கவேண்டும். விளையாட்டாகப் பழக்கினால், சில குழந்தைகளுக்கு மயக்க மருந்தே தேவைப்படாமற் போகலாம்.

ஆசிரியரும் களப்பணியாளரும் வீட்டிற்குச் சென்று தமிழில் பேசும் கால் மணி நேரமும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.