படம் பளிச்... பேச்சு மட்டும் எங்கே?

அறுபதாம் கல்யாணத்தில் தாத்தா பேசியதை வீட்டு கேம்கார்டரில் எடுத்திருப்பார்கள். போட்டுப் பார்த்தால் ஃபேன் இரைச்சலும், பக்கத்தில் யாரோ ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டதும்தான் தெளிவாக இருக்கும். தாத்தாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதை மறுபடி பதிவு செய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. மைக் அதிலேயே இருக்கிறது, பேசுபவரோ பத்தடி தள்ளி. சட்டையில் குத்தும் சின்ன மைக் என்றால் வாய்க்கும் அதற்கும் ஒரு சாண்தான். பல கேம்கார்டர்களில் இதற்கென 3.5 மி.மீ. மைக் துளை உண்டு. சில மாடல்களில் கிடையாது. மைக் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

அடுத்து பின்னைப் பாருங்கள். கேம்கார்டருக்கு வேண்டியது 2 கருப்பு வளையம் உள்ள பின். நுனி இடது, நடு வலது, அடிப்பகுதி எர்த். செல்போன் மைக்கில் 3 வளையம் இருக்கும். அப்படியே செருகினால் நுழையும், பேசாது. இதற்கு மாற்று ஒயர் கடையில் கிடைக்கிறது.

ஒரே வளையம் உள்ள மோனோ பின் இன்னும் ஏமாற்றும். அதன் நீண்ட அடிப்பகுதி வலது பக்கத்தையும் எர்த்தோடு சேர்த்துவிடும். ஹெட்போனில் கேட்டால் ஒரு காது செவிடு! ஸ்டீரியோ பின் ஒன்று வாங்கி, மைக்கின் சிக்னல் ஒயரை நுனி, நடு இரண்டிலும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். சுற்றியிருக்கும் வலை ஒயர் அடிப்பகுதிக்கு. பின்னின் மூடியை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுவது நல்லது. பற்றவைத்த பிறகுதான் பலருக்கும் அது நினைவுக்கு வரும்.

சட்டை மைக்குகள் பெரும்பாலும் எலக்ட்ரெட் வகை. 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கியது. இவற்றுக்குச் சில வோல்ட் மின்சாரம் தேவை. பல கேம்கார்டர்கள் அதை மைக் துளை வழியாகவே தந்துவிடும். தராதவற்றுக்கு பேட்டரி போட்ட மைக்.

மேடையில் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்குக்கு அந்த மின்சாரம் வேண்டாத விருந்தாளி. அதன் மூன்று முனை இணைப்பில் 2-ம் எண் ஒயர் நுனிக்கும் நடுவுக்கும். 1, 3 இரண்டும் அடிப்பகுதிக்கு. 2-ம் எண் ஒயரின் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை, பிளஸ் முனை கேமரா பக்கம் இருக்கும்படி வைத்தால் மின்சாரம் மைக்குக்குப் போகாது. மைக் செட் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக ஒயர் இழுத்து மைக் துளையில் செருகும் வேலை மட்டும் வேண்டாம். குரல் கரகரத்து உடைந்துவிடும்.

விசேஷத்துக்கு முந்தைய நாளே ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் இரண்டு காதிலும் கேட்டுப் பாருங்கள். பேட்டரி மைக் என்றால், ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்றும்!