அறுகம் குடாவும் கச்சான் காற்றும்

ஜூலையில் அறுகம் குடாவில் ஒன்பது நாள் இருந்தேன். உருப்படியா ஒன்னும் செய்யலை. விடிஞ்சதும் கடல், பதினோரு மணிக்கு ரொட்டியும் பிளேன்டீயும், அப்புறம் வலைத்தூளியில் தூக்கம். முதுகுப்பையோடு வந்த எல்லோருக்கும் இதே அட்டவணைதான். இதைப் போட்டுக் கொடுத்தது காற்று.

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற ஊர் இது. கொழும்பிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் இங்கே சர்ஃபிங். அலை உள்ளூர்ச் சரக்கு இல்லை. பூமியின் தெற்குக் கோடியில் அப்போது குளிர்காலம். அங்கே அடிக்கிற புயல்கள் கிளப்பிய அலைகள் பல நாள் பயணம் செய்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து வருகின்றன. வழியிலேயே குட்டி அலைகள் அடங்கிப்போக, இடைவெளி விட்டு வரும் நீண்ட அலைகள்தான் மிஞ்சும். குடாவின் தெற்கு முனையில் அவை வளைந்து திரும்புகின்றன. அதனால் அலை மொத்தமாக ஒரே நேரத்தில் உடையாமல், ஒரு நுனியில் தொடங்கி வடக்கு நோக்கி உரிந்துகொண்டே போகும். உடையாத பகுதியில் பலகையை ஓட்டிக்கொண்டு நூறு மீட்டருக்கு மேல் போகலாம். (நான் போகலை. தெரிஞ்சவங்க போனாங்க.)

இதில் காற்றுக்கு என்ன வேலை? தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, மலைகளைத் தாண்டி இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. அதைத்தான் கிழக்கில் கச்சான் காற்று என்கிறார்கள். நெல்லுக்கும் தோலுக்கும் எரிச்சல், அலைக்கு நல்லது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், உடையப்போகும் அலையின் முகத்தைக் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடிக்கிறது. மதியம் தரை சூடானதும் கடற்காற்று எதிரே கிளம்பி அலையைக் கலைத்துவிடும். அப்போதுதான் எல்லோரும் தூளிக்குப் போவது.

இலங்கைத் தமிழில் கச்சான் என்றால் வேர்க்கடலையும்தான். தெற்கே பாணமைப் பக்கம் இருக்கிற ஒரு அலைக்கு சர்ஃபர்கள் வைத்த பெயர் பீனட் ஃபார்ம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

எனக்கு சுவாரசியமாகப் பட்டது இன்னொன்று. அலையை வளைக்கிற அதே முனைதான் குடாவின் உள்பக்கத்தை அமைதியாக வைக்கிறது. மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கரையேறி நிற்பது அதனால்தான். ஒரே நிலவமைப்பில் இரண்டு பிழைப்பு.

ஆனால் நிதானம் நமக்கு மட்டும்தான். நான் தங்கிய வீட்டுக்காரர் ஒரு பொத்துவில் முஸ்லிம். காக்கா என்று கூப்பிடுவேன் (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைக்கிறார்கள்). விடியுமுன் எழுந்து பலகைகளை எண்ணி அடுக்குவார், நள்ளிரவில் சாவி வாங்க வருபவர்களுக்காக விழித்திருப்பார். "ஆறு மாசம் உழைச்சுத்தான் தம்பி மத்த ஆறு மாசமும் தின்னணும்" என்றார். நவம்பரில் வாடைக்காற்று மழையோடு கடலிலிருந்து வரும். பல கடைகள் பூட்டிக்கொள்ளும். சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிற பையன்கள் சிலர் வெலிகம, மிதிகம என்று தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அங்கே அப்போதுதான் சீசன் தொடங்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரை அடித்துப்போட்டது. நாட்காட்டியைப் பாருங்கள்: அது சீசன் இல்லாத மாதம். தூளிகள் கழற்றப்பட்டிருக்கும். இருந்தவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்.

போகிறவர்களுக்கு: புதுசா பழகுறவங்க மெயின் பாயின்ட்டுக்குப் போகாதீங்க, அடியில் பாறை. மணல் அடியுள்ள பேபி பாயின்ட் போதும். வாடகைப் பலகையை முந்தின நாள் மாலையே சொல்லி வைங்க. காக்காவை இன்னொரு தடவை விடியுமுன் எழுப்ப வேண்டாம்.