சுழலாத நினைவகம்

ராஜபாளையத்து நூற்பாலைக்குள் போயிருக்கிறீர்களா? அங்கே ஸ்பிண்டில்கள் நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும். கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு தட்டு சுழல்கிறது. பலவற்றில் நிமிடத்திற்கு 7200 சுற்று. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வர அரைச் சுற்று ஆகுமென்றால், சுமார் 4 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலை நினைவகத்தில் சுழல்வது எதுவுமில்லை. அதிலுள்ள ஃபிளாஷ் சில்லுகளில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உண்டு. மின்கடத்தாச் சுவருக்குள் சிறைப்பட்ட எலெக்ட்ரான்களின் அளவே தகவல். ஆகவே காத்திருப்பு மைக்ரோ விநாடிகளாகக் குறைகிறது. இதற்கு அடிப்படையான 'நேண்ட்' ஃபிளாஷை 1987-இல் வெளியிட்டவர்கள், ஜப்பானின் தோஷிபாவைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா குழுவினர்.

ஆனால், எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் தேய்கிறது. எலெக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. வெப்பம் கசிவை விரைவுபடுத்தும். 'ஜெடெக்' தர அமைப்பின் விதியைப் பாருங்கள். வரம்புவரை எழுதித் தேய்ந்தபின் மின்சாரமின்றி வைத்தாலும், வீட்டுக் கணிப்பொறியின் எஸ்.எஸ்.டி. 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். நிறுவன சர்வருக்குரியது 40 டிகிரியில் மூன்று மாதம் காத்தால் போதும். ஏன்? சர்வர் இரவு பகலாக இயங்குவது. மின்சாரமின்றி நெடுநாள் கிடக்காது. புதிய எஸ்.எஸ்.டி. இவற்றைவிட நெடுங்காலம் தாங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் கல்வெட்டுகள் மின்சாரமில்லாமலே பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. எஸ்.எஸ்.டி. கல்வெட்டு அன்று. குடும்பப் படங்களை அதில் மட்டும் சேமித்து அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். வேறிடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்!