சுண்ணாம்பை விட்டுவிட்டு வந்த கஞ்சி

"மக்காச்சோள ரவையில் கஞ்சி வைத்தால் கட்டி தட்டுகிறது. வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று வர என்ன வழி?" போடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேப்பைக் கூழ் காய்ச்சுகிற ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு உலையில் ஊற்ற வேண்டியதுதான். உலர்ந்த மாவு கொதிநீரில் விழுந்ததும் உருண்டையின் மேல்பக்கம் வெந்து கோந்தாக மூடிக்கொள்கிறது. அப்புறம் உள்ளே தண்ணீர் போக வழியில்லை.

கட்டியை விடப் பெரிய சிக்கல் அவசரம். வட இத்தாலியில் இந்தக் கஞ்சிக்குப் பொலென்டா என்று பெயர். ஒரு பங்கு ரவைக்கு நான்கைந்து பங்கு தண்ணீர், உப்பு, சிறுதீ, முக்கால் மணி நேரம். முதன்முறை நான் கால் மணி நேரத்திலேயே இறக்கிவிட்டேன். பார்க்கக் கெட்டியாகத்தான் இருந்தது. வாயில் போட்டால் ஆற்று மணல். போதாததற்கு ஒரு குமிழி வெடித்துப் புறங்கையில் தெறித்து, அந்தத் தழும்பு ஒரு மாதம் இருந்தது. அங்கே செம்புச் சட்டியில் நீளமான கட்டையால் கிண்டுகிறார்கள். களி கிண்டிய கை அதைப் பார்த்தால் சிரிக்கும். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கடைசியில்தான்.

ஊருக்கு ஊர் இதன் கோலம் மாறும். வெனிஸ் பக்கம் வெள்ளை மக்காச்சோளத்தில் இளக்கமாகக் காய்ச்சி மீனோடு சாப்பிடுகிறார்கள். ருமேனியாவின் மமலிகா பலகையில் கவிழ்க்கிற அளவு இறுகியது. அவித்த முட்டையை அறுப்பதுபோல நூலால் அறுக்கிறார்கள். நைஜீரியாவின் யொரூபா வீடுகளில் மக்காச்சோளத்தை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, புளிக்கவிட்டுக் காய்ச்சுகிற கஞ்சிக்கு ஓகி என்று பெயர். தொட்டுக்கொள்ளத் தட்டைப்பயறு வடை! நம் கூழுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்றே சொல்லலாம்.

எனக்கு ஆச்சரியம் தருவது இந்தத் தானியத்தின் தாய்நாடான மெக்சிகோதான். அங்கே சோளத்தை வெறுமனே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோலைக் கசக்கிக் கழுவி எடுத்து அரைக்கிறார்கள். என் ஆச்சி வெற்றிலையின் முதுகில் தடவுவாளே, அதே நீற்றுச் சுண்ணாம்புதான். அந்த மாவைக் கரைத்து வெல்லமும் பட்டையும் போட்டுக் காய்ச்சினால் அதோலே. சுண்ணாம்பு இரண்டு வேலை செய்கிறது. தோலைக் கழற்றி மாவுக்குப் பசை கொடுக்கிறது. மக்காச்சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்கிற பி வைட்டமினை அவிழ்த்துவிடுகிறது.

1492க்குப் பிறகு சோளம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்புப் பக்குவம் கூடவே போகவில்லை. இத்தாலியில் வசதியுள்ளவர்கள் பொலென்டாவைக் கறியோடும் பாலோடும் தின்றார்கள், ஒன்றும் ஆகவில்லை. மூன்று வேளையும் அது மட்டுமே கிடைத்த கூலிக்காரனுக்கு வெயில் பட்ட இடமெல்லாம் தோல் தடித்து உரிந்தது, பேதி கண்டது, கடைசியில் புத்தி பேதலித்தது. 1771இல் மிலான் மருத்துவர் ஃப்ராப்பொல்லி இதற்குப் பெல்லாக்ரா என்று பெயரிட்டார். சொரசொரத்த தோல் என்று அர்த்தம். பூஞ்சை பிடித்த சோளத்தின் விஷம் என்றார்கள் சிலர், தொற்றுநோய் என்றார்கள் சிலர். அமெரிக்காவில் மருத்துவர் ஜோசஃப் கோல்ட்பெர்கர் இது தொற்றாது என்று காட்ட, 1916இல் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். நியாசின் இதைக் குணப்படுத்தும் என்பது தெரிந்தது 1937இல்தான். மெக்சிகோக் கிழவி யாரையாவது கேட்டிருக்கலாம். பயிரை எடுத்துக்கொண்டவர்களுக்கு அதைச் சமைத்தவளின் பேச்சு பொருட்டாகப் படவில்லை.

நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. பெரம்பலூர்க் காட்டில் விளைகிற மக்காச்சோளத்துக்கு நாமக்கல் கோழியிடம் இருக்கிற மரியாதை நம்மிடம் இல்லை. நாம் அதைப் பொரியாகவோ, அட்டைப் பெட்டியில் வரும் செதிலாகவோ காசு கொடுத்து வாங்கி, சத்து என்று பிள்ளைக்குக் கொடுக்கிறோம்.

போடி வாசகிக்கு: கட்டி தட்டாமல் கிண்டக் கைவந்த பிறகு, இந்தச் சுண்ணாம்புப் பக்குவத்தையும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு கிலோ முழு மக்காச்சோளத்துக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு. உண்ணத் தகுந்த சுத்தமானது, வெள்ளையடிக்கிறது வேண்டாம். வெந்த நீர் ஆழ்ந்த மஞ்சளாகி, மழை விழுந்த மண்சுவர் மாதிரி ஒரு வாசம் வரும். காலையில் நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, கிரைண்டரில் போடுங்கள். வேகவைக்க எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அலுமினியச் சட்டியைச் சுண்ணாம்பு அரித்துவிடும்.